பழைய பூட்டுக்குப் புதிய ஸ்பிரிங்

திருவண்ணாமலை தேரடி வீதியைச் சுற்றியுள்ள பழைய வீடுகளில் பாட்டன் காலத்து மரப்பெட்டிகள் இன்னும் இருக்கின்றன. நிலப் பத்திரமும் கல்யாணப் பட்டும் வைத்திருந்த பெட்டிகள். அவற்றில் பதித்திருக்கும் பூட்டு, கொல்லர் ஒருவர் அடித்து, அரம் போட்டு, கையாலேயே முடித்தது. அப்படியொரு பூட்டு வேலை செய்யவில்லை என்று கழற்றிப் பார்த்தால், சாவியும் தாழும் தகடும் பெரும்பாலும் நன்றாகவே இருக்கும். தாழை அழுத்திப் பிடித்திருக்கும் விரல் நீள ஸ்பிரிங் மட்டும் முறிந்து கிடக்கும். அல்லது முறியாமலேயே தளர்ந்து, வளைந்தது வளைந்தபடி நின்றுவிட்டிருக்கும்.

அந்த ஸ்பிரிங் எந்தக் கடையிலும் கிடைக்காது. ஒவ்வொரு பூட்டுக்கும் ஒவ்வொரு வடிவம். இனி அதைச் செய்துதான் ஆக வேண்டும். எந்த எஃகை எடுப்பது, எவ்வளவு சூடாக்குவது, எதில் தோய்ப்பது? கேட்டால், "நல்ல கெட்டி இரும்பாப் போடுங்க" என்பதுதான் பெரும்பாலும் வரும் பதில். அங்கேதான் தவறு தொடங்குகிறது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 40 மில்லிமீட்டர் நீளம், 8 மில்லிமீட்டர் அகலம், 1 மில்லிமீட்டர் தடிமன் உள்ள ஒரு பட்டை. ஒரு முனையை இறுகப் பிடித்துக்கொண்டு மறுமுனையை 4 மில்லிமீட்டர் அழுத்துகிறோம். அதற்கு ஏறக்குறைய 2.6 கிலோ எடை தேவைப்படும். பட்டை சாதாரணக் கட்டடக் கம்பி இரும்பா, விலையுயர்ந்த ஸ்பிரிங் எஃகா, பதம் ஏற்றியதா, ஏற்றாததா என்பது இந்த விடையை மாற்றுவதில்லை. பள்ளிப் பாடத்தில் வரும் யங் குணகம் எல்லா எஃகுக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான்: சதுர மில்லிமீட்டருக்குச் சுமார் 21,000 கிலோ. உலையில் வைத்தாலும் எண்ணெயில் தோய்த்தாலும் அது மாறுவதில்லை. ஸ்பிரிங் எவ்வளவு விறைப்பாக எதிர்த்துத் தள்ளும் என்பதைத் தீர்மானிப்பது அதன் நீள அகலமும் தடிமனும்தான்.

அப்படியானால் எஃகும் பதமும் எதற்கு? விட்டவுடன் பழைய இடத்துக்குத் திரும்பி வருவதற்கு. மேலே சொன்ன பட்டையை 4 மில்லிமீட்டர் அழுத்தும்போது அதன் அடிப்பகுதியில் சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 78 கிலோ இழுவை ஏற்படுகிறது. சாதாரண மென் இரும்பு சுமார் 25 கிலோ வரைதான் தாங்கும். அதற்குமேல் போனால் வளைவு நிரந்தரமாகிவிடும். ஆகவே மென் இரும்புப் பட்டை முதல் 1.3 மில்லிமீட்டர் வரை அசல் ஸ்பிரிங் போலவே நடந்துகொள்ளும், பிறகு படுத்துவிடும். பதம் ஏற்றிய ஸ்பிரிங் எஃகின் எல்லை 120 கிலோவுக்கு மேல். 4 மில்லிமீட்டர் அழுத்தம் அதற்கு ஒரு பொருட்டே இல்லை. எல்லை ஐந்து மடங்கு உயர்ந்தால், அதே கன அளவு எஃகு சேமித்து வைத்துத் திருப்பித் தரும் ஆற்றல் இருபத்தைந்து மடங்கு உயரும். ஒரு சிறு பட்டைக்குள் பூட்டைத் தள்ளும் வலுவை அடக்க முடிவது இதனால்தான்.

இதிலிருந்து ஒரு முடிவுக்கு வரலாம். பழைய ஸ்பிரிங்கைப் பார்த்துப் புதியது செய்கிறவர் உருவத்தை மயிரிழை பிசகாமல் நகலெடுக்க வேண்டும், எஃகை நகலெடுக்க வேண்டியதில்லை. தடிமன் 1 மில்லிமீட்டருக்குப் பதிலாக 1.25 ஆகிவிட்டால் தள்ளும் விசை கிட்டத்தட்ட இரண்டு மடங்காகும், ஏனென்றால் விறைப்பு தடிமனின் மும்மடியைப் பொறுத்தது. அந்த விசையில் சாவி திரும்பாது. வலுக்கட்டாயமாகத் திருப்பினால் நூறாண்டு தாங்கிய தகடு தேயும். நீளம் கொஞ்சம் குறைந்தாலும் அடியில் இழுவை வேகமாக ஏறும். பழைய கொல்லர்கள் ஸ்பிரிங்கை அடியில் தடித்தும் நுனியில் மெலிந்தும் அமைத்ததற்கும் காரணம் உண்டு. அப்படிச் செய்தால் இழுவை அடியிலேயே குவியாமல் நீளம் முழுவதும் பரவும். கணக்குச் சூத்திரம் எழுதாமலேயே அதைக் கண்டு வைத்திருந்தார்கள். முறிந்த துண்டுகளைச் சேர்த்து வைத்து, நாலைந்து இடத்தில் மைக்ரோமீட்டரால் அளந்து எழுதிக்கொள்வதுதான் முதல் வேலை.

பழைய எஃகையே தேடிப் போவதில் பலருக்கு ஓர் ஆசை இருக்கிறது. அந்த ஆசையை நான் மதிக்கிறேன், ஏனென்றால் எஃகின் கதையில் இந்த வட்டாரத்துக்குப் பெரிய இடம் உண்டு. ஊருக்கு அருகேயுள்ள கவுத்தி மலையும் வேடியப்பன் மலையும் இரும்புத் தாது நிறைந்தவை. மேக்னடைட்டும் குவார்ட்சும் வரிவரியாகப் படிந்த பாறை. அங்கே சுரங்கம் தோண்ட வந்த திட்டத்தைச் சுற்றுக் கிராமத்து மக்கள் எதிர்த்து நின்றது அண்மைக்கால வரலாறு. இன்னும் தெற்கே, பழைய தென்னார்க்காடு மாவட்டத்து மேல்சிறுவளூரில், மண்குகைகளில், அதாவது உலோகம் உருக்கும் மண்கலங்களில், எஃகு உருக்கிய தடயங்களை ஆராய்ச்சியாளர் சாரதா சீனிவாசன் 1990-களில் வெளியிட்டார். ஐரோப்பியர் 'ஊட்ஸ்' என்று அழைத்த எஃகு இதுதான்.

செய்முறை எளிய பொருள்களால் ஆனது. ஒரு சிறு மண்குகைக்குள் தேனிரும்புத் துண்டுகள், நறுக்கிய ஆவாரங்கட்டை, மேலே ஓரிரண்டு எருக்கிலை. வாயைக் களிமண்ணால் அடைத்து, பல குகைகளை உலையில் அடுக்கி, துருத்தி ஊதி இரண்டரை மணி நேரம் எரிப்பார்கள். கட்டையும் இலையும் கரியாகி, அந்தக் கார்பன் இரும்புக்குள் ஏறும். கார்பன் ஏற ஏற இரும்பு உருகும் வெப்பநிலை இறங்கும். ஆறிய குகையை உடைத்தால் உள்ளே எஃகுக் கட்டி இருக்கும். இதைப் பார்த்து எழுதியவர் ஜோசையா மார்ஷல் ஹீத் என்ற சென்னை மாகாண அதிகாரி. பணியை விட்டுவிட்டு 1830-இல் பரங்கிப்பேட்டையில் இரும்பாலை தொடங்கியவர். அந்த முயற்சியின் தொடர்ச்சியாக 1850-களில் ஈஸ்ட் இந்தியா அயர்ன் கம்பெனி திருவண்ணாமலையிலும் ஓர் ஊதுலை எழுப்பியது. கரிக்குக் காடு போதாமல் இந்த ஆலைகள் திணறின. திருவண்ணாமலை உலை சில ஆண்டுகளே எரிந்தது.

ஹீத்தை ஸ்பிரிங் செய்கிறவர்கள் நினைவில் வைத்திருக்க வேறொரு காரணமும் இருக்கிறது. இங்கிலாந்தில் 1740-களில் குகையில் எஃகு உருக்கும் முறையைத் தானாகக் கண்டுபிடித்த பெஞ்சமின் ஹன்ட்ஸ்மன் ஒரு கடிகாரத் தொழிலாளி. கடிகார ஸ்பிரிங்குக்கு ஏற்ற, கசடில்லாத, எங்கும் ஒரே தன்மையுள்ள எஃகு கிடைக்கவில்லை என்பதுதான் அவரை உலைப் பக்கம் திருப்பியது. கிட்டத்தட்ட நூறாண்டு கழித்து, 1839-இல், அதே குகைக்குள் கொஞ்சம் மாங்கனீஸ் சேர்த்தால் எஃகின் தரம் உயர்கிறது என்று ஹீத் காப்புரிமை பெற்றார். ஷெஃபீல்டு நகரத்து ஆலைகள் அதை எடுத்துக்கொண்டன. அவருக்குச் சேர வேண்டியதைப் பெற அவர் தொடுத்த வழக்கோ, அவர் 1851-இல் இறந்த பிறகும் நடந்தது. கந்தகம் எஃகைச் சூட்டில் வெடிக்கச் செய்யும். மாங்கனீஸ் அந்தக் கந்தகத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். எண்ணெயில் தோய்த்தாலே பதம் ஏறவும் உதவும். இன்று கடையில் வாங்கும் ஒவ்வொரு ஸ்பிரிங் பட்டையிலும் மாங்கனீஸ் இருக்கிறது.

இத்தனை பெருமையும் இருந்தாலும் ஊட்ஸ் எஃகு பூட்டு ஸ்பிரிங்குக்கு ஏற்றதல்ல. அதில் கார்பன் 1 சதவீதத்துக்கு மேல், சில கட்டிகளில் 1.5-ஐயும் தாண்டும். உபரிக் கார்பன் கடினமான கார்பைடு துகள்களாக நிற்கும். வாளின் விளிம்பு கூர் மழுங்காமல் இருக்க அது வரம். ஆயிரக்கணக்கான முறை வளைந்து நிமிர வேண்டிய மெல்லிய பட்டையிலோ ஒவ்வொரு துகளும் விரிசல் பிறக்கும் இடம். பழைய பூட்டின் ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தால் சிலவற்றில் நீளவாக்கில் கசடு வரிகள் தெரியும். அன்றைய கொல்லர் கையில் கிடைத்த எஃகை வைத்துத் தன் திறமையால் சமாளித்தார். நமக்கு அதைவிட நல்ல எஃகு கிடைக்கிறது. அதைப் போடுவது அவருக்குச் செய்யும் அவமரியாதை ஆகாது.

எதைப் போடலாம்? செங்கம் சாலைப் பக்கம் பட்டறை வைத்திருக்கும் ஒரு கொல்லரிடம் இதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தேன். காலடியில் லாரிக் கமான் பட்டைகள் அடுக்கிக் கிடந்தன. "அண்ணே, இதிலேயே ஒரு துண்டு வெட்டிச் செய்யலாமா?" என்று கேட்டேன். ஒரு பட்டையைத் தூக்கி வெயிலுக்குத் திருப்பிக் காட்டினார். நடுத் துளைக்குப் பக்கத்தில் தலைமுடி போல ஒரு கோடு. "அருவாளுக்குன்னா இந்த இடத்த ஒதுக்கிட்டு எடுத்துக்குவேன் தம்பி. கண்ணுக்குத் தெரியிறது இது ஒண்ணு, தெரியாதது எத்தன இருக்கோ. ஸ்பிரிங்குக்குப் புதுசா வாங்கிக்க" என்றார். அவர் சொன்னதுதான் சரி. லட்சக்கணக்கான முறை வளைந்து சோர்ந்த எஃகில் நுண் விரிசல்கள் இருக்கும். அத்தோடு அது என்ன எஃகு என்றும் உறுதியாகச் சொல்ல முடியாது. கமான் பட்டை சிலிக்கான், மாங்கனீஸ் சேர்ந்த ஈஎன் 45 ஆகவும் இருக்கலாம், குரோமியம் சேர்ந்த வேறு வகையாகவும் இருக்கலாம். ஒவ்வொன்றுக்கும் சூடு வேறு. மேலும் 10 மில்லிமீட்டர் பட்டையை 1 மில்லிமீட்டருக்கு அடித்து இறக்குவதற்குள் உலையில் பல தடவை வைத்து எடுக்க வேண்டும். ஒவ்வொரு தடவையும் மேல்தோலிலிருந்து கார்பன் எரிந்து போகும். ஸ்பிரிங்கில் இழுவை அதிகமாக விழுவது அந்த மேல்தோலில்தான்.

என் தேர்வு 0.7 முதல் 0.8 சதவீதம் கார்பன் உள்ள சாதாரணக் கார்பன் எஃகுப் பட்டை. தொழிலில் 1075, 1080 என்ற எண்களால் கேட்டால் சென்னை எஃகுக் கடைகளில் விவரம் புரியும். பதம் ஏற்றாத, மென்மையான பட்டையாகக் கேட்க வேண்டும். இந்த அளவு கார்பனில் உபரிக் கார்பைடு கிட்டத்தட்ட இராது, சூடும் நடுத்தரம், சிறு உலையிலேயே வேலை முடியும். கம்பிச் சுருள் ஸ்பிரிங்காக இருந்தால் வழியே வேறு: பியானோ கம்பி வாங்கிக் குளிராகவே சுற்றி, 200 முதல் 250 டிகிரியில் அரை மணி நேரம் வைத்தால் போதும். அந்தக் கம்பிக்கு வலு தொழிற்சாலையில் இழுக்கும்போதே வந்துவிட்டது. அதைச் சிவக்கக் காய்ச்சித் தோய்க்கிறவர்கள் இருக்கிற குணத்தையும் கெடுத்துவிடுகிறார்கள்.

பட்டையை வெட்டியதும் அரம் போடும் திசையைக் கவனிக்க வேண்டும். குறுக்கே விழும் ஒரு கீறல், வளையும்போது அந்த இடத்தில் இழுவையைக் குவிக்கும். பிற்காலத்தில் முறிவு தொடங்குவது அங்கேதான். எல்லா அரக்கோடும் உப்புத்தாள் கோடும் நீளவாக்கில் ஓட வேண்டும். ஓரங்களை உருட்டிவிட வேண்டும். மடிக்க வேண்டிய இடத்தைச் சிவந்த நிலையில் மெதுவாக மடிக்க வேண்டும், உள் வளைவு கூர் மூலையாக இருக்கக் கூடாது. பழைய முறிந்த ஸ்பிரிங்குகளை உருப்பெருக்கியில் பார்த்தால் பலவும் இப்படியொரு கீறலிலோ துருக் குழியிலோதான் பிளந்திருக்கும். எஃகு கெட்டதனால் முறிந்தது என்று நாம் பழி போட்டுக்கொண்டிருப்போம்.

இனி உலை. அறை வெப்பத்தில் எஃகுக்குள் கார்பன், இரும்போடு சேர்ந்து மெல்லிய தகடு தகடாகப் பிரிந்து நிற்கும். 727 டிகிரியைத் தாண்டும்போது இரும்பணுக்களின் அடுக்கு மாறி, கார்பன் முழுவதும் அதற்குள் கரையத் தொடங்கும். மெதுவாக ஆறவிட்டால் பழையபடி பிரிந்துவிடும். சட்டென்று குளிர்வித்தால் பிரிய நேரமில்லாமல் கார்பன் உள்ளேயே மாட்டிக்கொள்ளும். அடுக்கு நெளிந்து, கண்ணாடி போல் கடினமான மார்டென்சைட் உருவாகும். தோய்ச்சல் என்பது இதுதான்.

எவ்வளவு சூடு என்பதில் காந்தம் உதவும். இரும்பு 770 டிகிரிக்கு மேல் காந்தத்தில் ஒட்டாது. கம்பியில் கட்டிய ஒரு சிறு காந்தத்தைத் தொட்டுப் பார்த்து, ஒட்டாத நிலை வந்தபின் இன்னும் கொஞ்சம், 800 முதல் 820 டிகிரி வரை, போனால் போதும். வெயிலில் நின்று நிறம் பார்க்கக் கூடாது. நிழலான மூலையில்தான் சிவப்பின் படி தெரியும். ஆரஞ்சு நிறம் வரும்வரை காய்ச்சினால் எஃகின் படிக மணிகள் பெருத்துவிடும். பெருத்த மணியுள்ள எஃகு எவ்வளவு பதம் போட்டாலும் சொடுக்கென்று முறியும். தோய்ச்சலுக்கு முன் இரண்டு மூன்று முறை காந்தம் விடும் சூடு வரை ஏற்றி, காற்றில் கறுக்க விடுவது மணியைச் சீராக்கும். பொறுமையாகச் செய்ய வேண்டிய வேலை, ஆனால் பலர் விட்டுவிடுவதும் இதைத்தான்.

தோய்ப்பது எண்ணெயில், அதுவும் கை பொறுக்கும் அளவு வெதுவெதுப்பான எண்ணெயில். குளிர்ந்த எண்ணெய் கெட்டியாக இருப்பதால் வெப்பத்தை மெதுவாகத்தான் இழுக்கும். தண்ணீரில் போட்டால் மெல்லிய பட்டை கோணும் அல்லது வெடிக்கும். உலையிலிருந்து எண்ணெய்க்குப் போகும் தூரம் ஒரு கை நீட்டலுக்குள் இருக்க வேண்டும், ஏனென்றால் 1 மில்லிமீட்டர் பட்டை காற்றிலேயே நொடிகளில் சூட்டை இழந்துவிடும். பட்டையை விளிம்பு வழியாகச் செங்குத்தாக இறக்க வேண்டும். பக்கத்தில் இரும்பு மூடி தயாராக இருக்கட்டும். எண்ணெய் தீப்பற்றினால் மூடத்தான் வேண்டும், தண்ணீர் ஊற்றவே கூடாது.

எடுத்துத் துடைத்து அரத்தால் உரசினால், அரம் கடிக்காமல் வழுக்க வேண்டும். வழுக்கினால் தோய்ச்சல் பிடித்திருக்கிறது. அந்த நிலையில் அதை வளைத்துப் பார்க்க நினைப்பவர் ஸ்பிரிங்கை இழப்பார். அதே பட்டையில் வெட்டிய ஒரு சோதனைத் துண்டையும் கூடவே தோய்த்திருந்தால், அதை வைஸில் வைத்து முறித்துப் பார்க்கலாம். முறிந்த முகம் சாம்பல் நிறத்தில் வெல்வெட் துணி போல் மங்கலாக இருந்தால் மணி நுண்மையாக இருக்கிறது. சர்க்கரை போல் மினுங்கினால் சூடு மிஞ்சிவிட்டது. அப்போது மீண்டும் சீராக்கித் தோய்க்க வேண்டும்.

ஸ்பிரிங் பிறப்பது அடுத்த படியான பதம் போடுதலில். தோய்த்த எஃகை மறுபடி மிதமாகச் சூடாக்கினால், மாட்டிக்கொண்ட கார்பனில் ஒரு பகுதி வெளியேறி மிக நுண்ணிய கார்பைடாகப் படியும். அடுக்கின் நெளிவு தளரும். கடினம் கொஞ்சம் குறையும், முறியாத தன்மை பெருமளவு கூடும். எவ்வளவு சூடு என்பதற்கு நிறத்தை நம்பும் பழக்கம் நம் பட்டறைகளில் உண்டு. பளபளப்பாகத் தேய்த்த எஃகின் மேல் படரும் ஆக்சைடு படலம் 220 டிகிரியில் வைக்கோல் நிறம், 260-இல் பழுப்பு, 280-இல் கத்தரிப்பூ நிறம், 300-இல் நீலம் என்று மாறிக்கொண்டே போகும். அரிவாளுக்கும் உளிக்கும் இது போதும். பூட்டு ஸ்பிரிங்குக்கு நீலத்தோடு நிற்பது ஆபத்து. 370 முதல் 420 டிகிரி வரை போக வேண்டும் என்பது என் கருத்து. அந்தச் சூட்டில் நிறங்கள் முடிந்து வெறும் சாம்பல்தான் மிஞ்சும், கண்ணால் அளக்க முடியாது. அந்தக் காலத்தில் ஸ்பிரிங்கை எண்ணெயில் முக்கி, அனலில் காட்டி, எண்ணெய் தானாகப் பற்றி எரிந்து அடங்கும்வரை வைத்தார்கள். 327 டிகிரியில் உருகும் ஈயத்தில் அமிழ்த்துகிறவர்களும் உண்டு. ஈயப் புகை உடம்பில் ஏறினால் எளிதில் போகாது, வீட்டில் அதைச் செய்யவே வேண்டாம். வெப்பமானி பொருத்திய சிறு மின்னுலை இருந்தால் அதில் ஒரு மணி நேரம் வைத்து எடுப்பது இந்த எல்லா வழியையும்விட நம்பகமானது. மின்னுலை இல்லையென்றால், அம்பத்தூரில் வெப்பப் பதம் போட்டுத் தரும் பட்டறைகள் இருக்கின்றன. எஃகின் எண்ணைச் சொல்லி, கடினம் ராக்வெல் சி அளவில் 44 முதல் 47 வேண்டும் என்று கேட்டால் செய்து தருவார்கள்.

ஆறிய ஸ்பிரிங்கை வைஸில் வைத்து, கண்ணாடி அணிந்துகொண்டு, சிறிது சிறிதாக அழுத்தி விட வேண்டும். முதலில் 1 மில்லிமீட்டர், பிறகு 2, பிறகு பூட்டுக்குள் அது உண்மையில் வளையும் அளவுக்குக் கொஞ்சம் கூடுதலாக. ஒவ்வொரு முறையும் பழைய உயரத்துக்கு வருகிறதா என்று அளக்க வேண்டும். கடைசியாக அழுத்திய நிலையில் ஓர் இரவு விட்டு, காலையில் அளந்தால் சந்தேகம் தீர்ந்துவிடும். உயரம் குறைந்திருந்தால் தோய்ச்சல் முழுதாகப் பிடிக்கவில்லை, அல்லது பதச்சூடு மிஞ்சியிருக்கிறது. முறிந்திருந்தால் பதச்சூடு போதவில்லை, அல்லது எங்கோ ஒரு குறுக்குக் கீறல் தப்பியிருக்கிறது.

பூட்டைச் சுத்தம் செய்யும்போதும் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பித்தளைச் சாமான் போல் நினைத்துப் புளிக் கரைசலிலோ வினிகரிலோ பூட்டோடு ஊறவைக்கிறார்கள். அமிலம் இரும்பைத் தின்னும்போது ஹைட்ரஜன் பிறக்கிறது. அதில் ஒரு பகுதி எஃகுக்குள் புகுந்துவிடும். கடினமான எஃகு இதனால் எந்த அடையாளமும் காட்டாமல் பலவீனப்பட்டு, சில மணி நேரமோ சில நாளோ கழித்துத் தானாகவே முறியும். ஸ்பிரிங்கைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் மற்ற பாகங்களை ஊறவைக்க வேண்டும். ஸ்பிரிங்கின் துருவை மண்ணெண்ணெயும் மெல்லிய உப்புத்தாளும் கொண்டு நீளவாக்கில் தேய்த்து எடுத்து, மெல்லிய எண்ணெய் தடவினால் போதும்.

முறிந்த பழைய ஸ்பிரிங்கைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். கொல்லரின் சம்மட்டி பட்ட இடமும் அவர் அரம் ஓடிய திசையும் அதில் பதிந்திருக்கின்றன. எண்ணெய் தடவி, ஒரு சிறு பையில் போட்டு, பெட்டிக்குள்ளேயே வையுங்கள். புதியது எந்த எஃகு, எத்தனை டிகிரியில் தோய்த்தது, எத்தனை டிகிரியில் பதம் போட்டது, எந்த ஆண்டு என்று ஒரு சீட்டில் எழுதி அதோடு சேர்த்து வைத்தால், அடுத்த முறை இந்தப் பூட்டைத் திறப்பவர் நாம் அளந்த இடத்திலிருந்தே தன் வேலையைத் தொடங்கலாம்.